வகுப்பு முடிந்த பிறகு: ஆசிரியரின் மீள்நோக்கும் காரைக்கால் பள்ளிகளும்

ஆசிரியர் தாம் நடத்திய பாடத்தைச் சான்றுகளோடு திரும்பிப் பார்த்து, பிள்ளைகள் எதைக் கற்றார்கள், எதைக் கற்கவில்லை, ஏன் என்று ஆராய்ந்து, அடுத்த பாடத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும் தொடர் பழக்கத்தை மீள்நோக்கு என்கிறோம். கல்வியியல் பாடநூல்களில் இது பிரதிபலிப்பு என்றும் மறுசிந்தனை என்றும் வழங்குகிறது. வகுப்பைப் பற்றி நினைக்காத ஆசிரியர் இல்லை. பீரியட் முடிந்து வரும் ஒருவர் "இன்றைக்குப் பாடம் ஏறவேயில்லை" என்பதும், "அந்த வகுப்பே அப்படித்தான்" என்று இன்னொருவர் தேற்றுவதும் எந்தப் பள்ளியின் ஓய்வறையிலும் கேட்கக்கூடியவை. அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிட்டால் அது ஆறுதல் மட்டுமே. பாடம் ஏறவில்லை என்பதற்கு என்ன சான்று, எந்த இடத்தில் எந்தப் பிள்ளைக்கு ஏறவில்லை, அதில் தம் விளக்கத்துக்கும் கேள்விக்கும் எவ்வளவு பங்கு, நாளை எதை வேறு விதமாகச் செய்வது என்று தேடத் தொடங்கும்போதுதான் அது மீள்நோக்காகிறது.

காரைக்காலில் இந்தப் பழக்கத்தின் தேவை சில ஆண்டுகளாகக் கூடியிருக்கிறது. காரைக்கால் அடங்கிய புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கெனத் தனிப் பள்ளிக் கல்வி வாரியம் கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாஹே கேரளப் பாடத்திட்டத்தையும், ஏனாம் ஆந்திரப் பாடத்திட்டத்தையும் பின்பற்றிவந்தன. அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகள் முன்பே மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின், அதாவது சிபிஎஸ்இயின், பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கியிருந்தன. 2023-24 கல்வியாண்டில் 6 முதல் 9 வரையும் 11ஆம் வகுப்பும், அடுத்த ஆண்டு 10, 12ஆம் வகுப்புகளும் மாறின. தமிழ்நாட்டுப் பாடநூலை ஆண்டுக்கணக்கில் நடத்திப் பழகிய ஆசிரியர் கையில் புதிய நூலும் புதிய வினாமுறையும் வந்து சேர்ந்தன. எந்த இடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள், எந்த உதாரணம் எடுபடும் என்று அனுபவத்தில் சேர்ந்திருந்த அறிவின் ஒரு பகுதி ஒரே ஆண்டில் பயனிழந்தது. அதை மறுபடி சேர்க்கப் பயிற்சி முகாம் மட்டும் போதாது. அவரவர் வகுப்பிலிருந்துதான் சேர்க்க வேண்டும்.

கருத்து வந்த வழி

இக்காலக் கல்வியியலில் மீள்நோக்கின் தொடக்கமாக அமெரிக்க மெய்யியலாளர் ஜான் டூயியைச் சொல்வது வழக்கம். சிந்தனை எப்படி நடக்கிறது என்பது பற்றி அவர் 1910இல் வெளியிட்டு 1933இல் திருத்தி எழுதிய நூல், சிந்தனை ஒரு குழப்பத்தில் பிறக்கிறது என்கிறது. வழக்கமான செயல் ஓரிடத்தில் முட்டி நிற்கும்போதுதான் மனிதர் ஏன் என்று கேட்கிறார். அந்தக் கேள்வியைப் பொறுமையோடு பின்தொடரத் திறந்த மனமும் முழு ஈடுபாடும், விளைவுக்குப் பொறுப்பேற்கும் துணிவும் வேண்டும் என்றார் டூயி.

டொனால்டு ஷோன் 1983இல் எழுதிய நூல் இதைத் தொழில்களின் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கட்டடக் கலைஞர், உளநல மருத்துவர், பொறியாளர் போன்றோர் வேலை செய்யும் விதத்தை அவர் ஆராய்ந்தார். பாடநூல் அறிவு நேராகப் பொருந்தும் சிக்கல்கள் தொழிலில் குறைவு; பெரும்பாலானவை தெளிவற்றவை, ஒன்றோடொன்று பின்னியவை. தேர்ந்த தொழிலர் அவற்றைச் செய்துகொண்டிருக்கும்போதே யோசித்துத் திருத்துகிறார். செய்து முடித்த பிறகும் யோசிக்கிறார். கணக்கு ஆசிரியர் கரும்பலகையில் பின்னத்தை விளக்கும்போது மூன்றாவது பெஞ்சிலுள்ள முகங்களைப் பார்த்து, படத்தை அழித்துவிட்டுக் காகிதத்தை மடித்துக் காட்டுவது முதல் வகை. மாலையில் நோட்டுகளைத் திருத்தும்போது, காகிதத்தை மடித்தது பாதிக்கும் காலுக்கும் உதவியது, மூன்றில் ஒன்றுக்கு உதவவில்லை என்று கண்டுகொள்வது இரண்டாம் வகை. ஷோன் ஆசிரியர்களை முதன்மையாக வைத்து எழுதவில்லை. ஆயினும் அவர் நூலை மிக அதிகமாக எடுத்துக்கொண்டது ஆசிரியர் கல்விதான்.

கற்பிப்பதும் கற்பதன் ஒரு பகுதியே என்ற எண்ணம் தமிழுக்குப் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், ஆசிரியர் பாடம் சொல்லுமுன் இடமும் காலமும் நோக்கி, சொல்லப்போகும் பொருளை உள்ளத்தில் அமைத்துக்கொண்டு, விரைவும் சினமும் இன்றி, மாணவரின் கொள்ளளவு அறிந்து சொல்ல வேண்டும் என்கிறது. அதே பகுதி ஒரு கணக்கும் தருகிறது. ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டாலும் புலமையில் கால் பங்குதான் வரும். உடன் பயில்வோரோடு பழகினால் இன்னொரு கால் பங்கு. பிறருக்கு எடுத்துரைக்கும்போதே மீதி அரைப் பங்கும் நிறையும். கற்பிப்பவருக்குக் கற்றலில் பாதியை ஒதுக்கிய இந்தக் கணக்கு மீள்நோக்கின் அடிப்படைக்கு மிக அருகில் நிற்கிறது. பாடம் முடிந்தபின் ஆசிரியர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும் முறை அங்கே விரித்துரைக்கப்படவில்லை. பாடத்துக்கு முன்னான ஆயத்தமே அங்கு முதன்மை. இன்றைக்கும் பாடக்குறிப்பு எழுதுவதில் நம் பள்ளிகள் காட்டும் அக்கறையில் ஒரு பங்குகூடப் பாடத்துக்குப் பிந்தைய குறிப்பில் இல்லை என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம்.

பிறர் கற்பிப்பதைப் பார்த்துத் தம் முறையை மாற்றிக்கொண்டவர்களின் வரலாறு இக்கரையிலேயே உண்டு. காரைக்காலுக்கு வடக்கே, அருகிலுள்ள தரங்கம்பாடியில் 1706 ஜூலையில் வந்திறங்கிய ஜெர்மானிய மதப்பணியாளர் சீகன்பால்கு, தமிழ் கற்பதற்காக ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்து, அவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்துச் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் தரையில் மணல் பரப்பி எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்த முயன்றார். அங்கிருந்த ஆசிரியர்கள் தயங்கியபோது மூத்த மாணவனைக் கொண்டே இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797இல் அவர் எழுதி வெளியிட்ட இந்த அனுபவம் 'மதராஸ் முறை' என்ற பெயரில் ஐரோப்பாவெங்கும் பரவியது. மூத்த மாணவன் இளையவர்களைக் கவனிக்கும் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதன் வேர் விளங்கும். பெல்லின் முறை பின்னாளில் மந்தையாகப் பாடம் ஒப்பிக்கும் இயந்திரமாகச் சுருங்கியது. தொடங்கிய இடத்தில் இருந்த கவனிப்பு, பரவிய இடங்களில் இல்லாமற்போனது. இதே குறை பின்னும் பல சீர்திருத்தங்களில் திரும்ப வந்திருக்கிறது.

பிழை சொல்லும் செய்தி

மீள்நோக்கின் பயன் மிகத் தெளிவாகத் தெரிவது பிள்ளையின் பிழையைப் படிக்கும் இடத்தில்தான். 52இலிருந்து 37ஐக் கழித்து 25 என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவால் அப்படி எழுதுவதில்லை. பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிப்பது என்ற தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்டு பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1978இல் கழித்தல் கணக்குகளில் பிள்ளைகள் செய்யும் தவறுகளை ஆராய்ந்து, அவற்றில் பல இப்படி உள்ளொழுங்கு கொண்டவை என்று காட்டினர். ஆசிரியர் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு நகர்ந்தால் அந்த விதி அப்படியே இருக்கும். பத்துக் கணக்கு கூடுதலாகக் கொடுத்தால் தவறான விதிக்கே கூடுதல் பயிற்சி. "இதை எப்படிச் செய்தாய், சொல்" என்று ஒரு முறை கேட்டால் அது வெளியே வரும்.

காரைக்கால் வகுப்பறைக்கு இது இன்னும் நெருக்கமானது. "முந்நூற்று ஐந்து" என்று சொன்னால் 3005 என எழுதும் பிள்ளை, கேட்ட சொல்லை இரண்டாகப் பிரித்து முந்நூறுக்கு 300உம் ஐந்துக்கு 5உம் எழுதிச் சேர்த்திருக்கிறது. தமிழ் எண்ணுப்பெயர்களில் 11 முதல் 19 வரை பத்து முன்னே, ஒன்று பின்னே என்று வரிசை சீராக உள்ளது. 90க்கும் 900க்கும் வரும்போது மட்டும் பெயரில் நூறும் ஆயிரமும் ஒலிக்கின்றன. சிறு பிள்ளைக்குத் தொண்ணூறும் தொள்ளாயிரமும் குழப்பம் தருவது அதனால்தான். ஆங்கிலத்தில் தலைகீழ்: 90 எளிது, 13 முதல் 19 வரை ஒன்றின் பெயர் முன்னே வருவதால் ஃபோர்ட்டீன் என்று கேட்டு 41 என்று எழுதுவது நடக்கிறது. வீட்டில் தமிழிலும் வகுப்பில் ஆங்கிலப் புத்தகத்திலும் எண்ணக் கற்கும் பிள்ளை இரண்டு குழப்பங்களையும் ஒரே நேரத்தில் சுமக்கிறது. நோட்டுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும் ஆசிரியருக்கு எது எந்த மொழியிலிருந்து வந்த பிழை என்று பிரித்தறிய முடியும். பிரித்தறிந்தால் ஒன்றுக்குப் பத்துக் கட்டுக் குச்சிகளும் மற்றதற்குச் சத்தமாகச் சொல்லிப் பழகுவதும் மருந்தாகும்.

எழுத்துப் பிழைக்கும் இதே அணுகுமுறை பொருந்தும். பேச்சில் ழகரம் ளகரமாக ஒலிக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளை "பளம்" என்று எழுதுவது, ஒலியை எழுத்தாக்கும் திறன் அதற்கு வந்துவிட்டது என்பதற்கான சான்று. எழுத்தையும் ஒலியையும் பொருத்தத் தெரியாமல் "பமள்" என்று எழுதும் பிள்ளையின் நிலை வேறு. இரண்டுக்கும் ஒரே சிவப்பு வட்டமும் ஒரே பத்து முறை எழுதும் தண்டனையும் கொடுக்கும்போது இரண்டாவது பிள்ளைக்கு வேண்டிய உதவி கிடைப்பதில்லை.

பாடம் பிள்ளையின் வாழ்க்கையோடு எங்கே ஒட்டுகிறது, எங்கே விலகுகிறது என்பதும் மீள்நோக்கில் தெரிகிறது. திருநள்ளாறு, நெடுங்காடு, நிரவி பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைக்கு நிலத்தின் அளவு மாவிலும் குழியிலும் பழக்கம்: நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, மூன்று மா சேர்ந்தால் ஏறத்தாழ ஓர் ஏக்கர். பரப்பளவுப் பாடத்தில் ஹெக்டேரை மனப்பாடம் செய்ய முடியாத பிள்ளை, தன் வீட்டு நிலத்தை மனக்கணக்கில் பங்கிட்டுக் காட்டக்கூடும். கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி, காரைக்கால்மேடு போன்ற மீனவ ஊர்களில் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைத் திசையாலும் பருவத்தாலும் பிரித்துப் பேசுவது அன்றாட வழக்கம். நிலக்காற்று, கடற்காற்று பற்றிய அறிவியல் பாடத்தில் அந்தப் பிள்ளைகள் பேசாமல் இருந்தால், அவர்களுக்குத் தெரியவில்லை என்று முடிவுகட்டுமுன் கேள்வி எந்த மொழியில், எந்தச் சொற்களில் கேட்கப்பட்டது என்று ஆசிரியர் பார்க்க வேண்டும். தெரிந்ததைச் சொல்லச் சொல் கிடைக்காத பிள்ளையும் தெரியாத பிள்ளையும் விடைத்தாளில் ஒன்றுபோலவே தெரிவார்கள்.

வருகைப் பதிவேடும் படிக்கத் தக்கதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வடகிழக்குப் பருவமழையின் விடுமுறைகள், சம்பா அறுவடை, மாங்கனித் திருவிழா, நோன்பு மாதம் என்று இந்த ஊரின் ஆண்டுக்கு ஒரு தாளம் உண்டு. மழை விடுமுறைக்குப் பின் திரும்பும் வகுப்பில் விட்ட இடத்திலிருந்து தொடர்வதா, இரண்டு நாள் பின்னே போய்த் தொடங்குவதா என்ற முடிவை முந்தைய ஆண்டின் குறிப்பு இருந்தால் நிதானமாக எடுக்கலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கடலோரப் பள்ளிகள் திறந்தபோது ஆசிரியர்கள் முன் இருந்தது பாடத்தைவிடப் பெரிய கேள்வி: உறவுகளை இழந்து வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் எதை, எப்போது பேசுவது. அதற்கு எந்தக் கையேட்டிலும் முழு விடை இருந்திருக்க முடியாது. பிள்ளையைப் பார்த்து, யோசித்து, நாளுக்கு நாள் திருத்திக்கொண்டே நடப்பதே வழி.

தன் கண்ணும் பிறர் கண்ணும்

ஆசிரியர் தம் வகுப்பைத் தாமே பார்ப்பதில் ஒரு தடை உண்டு. சமூகவியலாளர் டேன் லோர்ட்டி 1975இல் சுட்டியதுபோல, ஆசிரியராகும் ஒவ்வொருவரும் அதற்கு முன்பே பல்லாயிரம் மணி நேரம் மாணவராக அமர்ந்து ஆசிரியர்களைப் பார்த்தவர். கற்பித்தல் என்றால் இப்படித்தான் என்ற படிமம் பயிற்சிக் கல்லூரிக்குப் போகுமுன்பே படிந்துவிடுகிறது. இரண்டு ஆண்டு பி.எட். அதன்மேல் ஒரு மெல்லிய பூச்சுதான். நெருக்கடி வந்தால் தம் பழைய ஆசிரியர் செய்ததையே செய்யத் தோன்றும். அந்தப் படிமத்தைத் தனியே உட்கார்ந்து யோசித்து உடைப்பது கடினம். இதனால்தான் ஸ்டீபன் புரூக்ஃபீல்டு 1995இல், ஆசிரியர் தம் வகுப்பைத் தம் அனுபவத்தின் வழியாக மட்டுமன்றி மாணவர் கண்ணாலும், சக ஆசிரியர் கண்ணாலும், ஆய்வு நூல்களின் வழியாகவும் பார்க்க வேண்டும் என்றார்.

தனியே செய்யக்கூடியவற்றில் எளியது குறிப்பு. பாடக்குறிப்பு நோட்டின் எதிர்ப்பக்கத்தைக் காலியாக விட்டு, பாடம் முடிந்த அன்றே நான்கு வரி எழுதினால் போதும். "மாணவர் ஆர்வத்துடன் பங்கேற்றனர்" என்ற வரிக்குப் பயன் இல்லை. எந்தக் கேள்விக்கு வகுப்பு அமைதியானது, எந்தத் தவறு ஐந்து நோட்டுகளில் திரும்ப வந்தது, அடுத்த ஆண்டு எதை மாற்ற வேண்டும் என்று எழுதிய வரி அடுத்த ஜூன் மாதம் வேலை செய்யும். கைப்பேசியில் தம் வகுப்பின் ஒலியைப் பதிந்து கேட்பது இன்னும் கூர்மையான கருவி. கேள்வி கேட்டபின் விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம், எந்தப் பிள்ளைகளின் பெயரை மட்டும் திரும்பத் திரும்ப அழைக்கிறோம் என்பது நினைவில் நிற்பதில்லை, பதிவில் நிற்கும்.

மாணவரிடம் கேட்பதற்கும் பெரிய ஏற்பாடு வேண்டாம். வகுப்பு முடியும்போது அரைத் தாளில், இன்று புரிந்தது ஒன்று, புரியாதது ஒன்று என்று பெயரில்லாமல் எழுதித் தரச் சொல்லலாம். பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, கற்றலின் நடுவே இப்படித் திரட்டும் தகவலைக் கொண்டு பாடத்தை மாற்றும் வகுப்புகளில் கற்றல் உயர்வதைக் காட்டியது. தகவலைத் திரட்டிவிட்டுப் பாடத்தை மாற்றாமல் இருந்தால் பலன் இல்லை என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

கூட்டாகச் செய்வதில் உலகம் அதிகம் பேசுவது ஜப்பானியப் பாட ஆய்வு. ஒரு பாடத்தைச் சில ஆசிரியர் சேர்ந்து திட்டமிடுகின்றனர்; ஒருவர் நடத்த மற்றவர்கள் வகுப்பில் நின்று பார்க்கின்றனர்; பின்னர் கூடிப் பேசித் திருத்துகின்றனர். பார்ப்பவர்களின் கண் ஆசிரியர் மேல் இருப்பதில்லை, பிள்ளைகளின் நோட்டிலும் முகத்திலும் இருக்கிறது என்பதே இதன் உயிர். நடத்தியவரை மதிப்பிடுவதாக அமர்வு மாறிவிட்டால் அடுத்த முறை எவரும் தம் வகுப்பைத் திறந்துவிட மாட்டார்கள். ஆசிரியரே தம் வகுப்பின் ஒரு சிக்கலை எடுத்து, தீர்வொன்றைச் சில வாரம் முயன்று, முன்னும் பின்னும் அளந்து பார்க்கும் செயலாராய்ச்சியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பிரிட்டனில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975இல் ஆசிரியரே ஆய்வாளர் என்ற கருத்தை வலியுறுத்தியதிலிருந்து இது வலுப்பெற்றது.

இந்திய அனுபவம்

நம் நாட்டில் இதற்கு மிகச் சிறந்த முன்னுதாரணம் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம். கிஷோர் பாரதி, ரசூலியாவின் நண்பர்கள் கிராமிய மையம் ஆகிய அமைப்புகள் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் இதைத் தொடங்கின. 1978இல் அது மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பு பின்னர் அதை நடத்தியது. பிள்ளைகள் சோதனை செய்து கற்றனர் என்பதே வெளியில் பேசப்பட்ட செய்தி. உள்ளே அதைத் தாங்கி நின்றது ஆசிரியர்களின் மாதாந்தரக் கூட்டம். எந்தச் சோதனை வகுப்பில் வேலை செய்யவில்லை, எந்தக் கேள்வி பிள்ளைகளைக் குழப்பியது என்று ஆசிரியர்கள் அங்கே கொண்டுவந்தனர். அந்தப் பேச்சைக் கேட்டே 'பால் வைஞானிக்' பயிற்சி நூல்கள் திருத்தப்பட்டன. கிராமப் பள்ளி ஆசிரியரின் வகுப்பனுபவம் பாடநூலை மாற்றும் அதிகாரம் பெற்றிருந்தது. 2002இல் மாநில அரசு திட்டத்தை முடித்துக்கொண்டது இந்தியப் பள்ளிக் கல்விக்கு நேர்ந்த பெரிய இழப்பு.

தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றலுக்கு ரிஷிவேலி பள்ளியின் கிராமக் கல்வி அனுபவம் ஊற்று. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலமெங்கும் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்றது. பாடத்தை அட்டைகளாகப் பிரித்து ஏணிப் படிகளாக அடுக்கியதால், எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று அன்றாடம் தெரியும் அமைப்பு அது. மீள்நோக்குக்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. முதலில் அட்டைகளை வடிவமைத்த ஆசிரியர்கள் விவாதித்து, செய்து பார்த்து, மாற்றியவர்கள். மாநிலம் முழுவதற்கும் போய்ச் சேர்ந்தது முடிந்த அட்டை. அதைப் பிறப்பித்த விவாதம் போய்ச் சேரவில்லை. பெல்லின் முறைக்கு நேர்ந்ததே இங்கும் ஒரு பங்கு நேர்ந்தது.

தம் வகுப்பைத் தாமே எழுதும் மரபும் தமிழில் வளர்ந்திருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் குஜராத்தி மொழியில் கிஜுபாய் பதேக்கா எழுதியதும் தமிழில் 'பகல் கனவு' என்று வந்ததுமான நூல், நான்காம் வகுப்பை ஓராண்டு சோதனையாக எடுத்து நடத்தும் கற்பனை ஆசிரியரின் கதை. அது தமிழாசிரியர் பலருக்குத் தொடக்கமாக இருந்தது. அறிவொளி இயக்க அனுபவம் கொண்ட பேராசிரியர் ச. மாடசாமியின் 'எனக்குரிய இடம் எங்கே?', வகுப்பறையில் மாணவருக்கு என்ன இடம் இருக்கிறது என்ற கேள்வியை ஆசிரியர் தம்மை நோக்கியே கேட்பதாக அமைந்தது. இத்தகைய நூல்களின் வலிமை அவை வெற்றிக் கதைகளாக மட்டும் எழுதப்படாததில் இருக்கிறது.

அரசுக் கொள்கை இந்தக் கருத்தைத் தாளில் ஏற்று வெகுநாளாகிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2009ஆம் ஆண்டுக் கலைத்திட்டச் சட்டகம் ஆசிரியரைச் சிந்திக்கும் தொழிலராக உருவாக்குவதை நோக்கமாக வைத்தது. நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012இல் ஆசிரியர் கல்வியின் சீர்கேட்டை எடுத்துச் சொன்னது. ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளின்படி 2015 முதல் பி.எட். இரண்டாண்டாயிற்று; தன்னை அறிதல், நூல்களை வாசித்துச் சிந்தித்தல் ஆகியவை தாள்களாயின; பள்ளியில் தங்கிப் பயிலும் காலம் 20 வாரமாக நீண்டது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் கீழ் காரைக்காலில் பயிலும் ஆசிரிய மாணவரும் இதே அமைப்பில் வருகின்றனர். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் தொழில் வளர்ச்சியைக் கோருகிறது.

பலன் எவ்வளவு

மீள்நோக்கைப் பற்றிய புகழுரைகள் ஆய்வுச் சான்றைவிட வேகமாக வளர்ந்துவிட்டன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சிட்னியில் நெவில் ஹாட்டன், டேவிட் ஸ்மித் என்ற இருவர் 1995இல் வெளியிட்ட ஆய்வு, பயிற்சி ஆசிரியர்கள் எழுதியவற்றில் பெரும்பகுதி விவரிப்பையும் எளிய காரணங் கூறலையும் தாண்டவில்லை என்று கண்டது. சமூகச் சூழலையும் பள்ளியின் அமைப்பையும் கேள்விக்குட்படுத்தும் எழுத்து மிக அரிதாகவே இருந்தது. இங்கிலாந்தில் எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் 2017இல் வெளியிட்ட மதிப்பீட்டில், பாட ஆய்வு முறையைப் பின்பற்றிய தொடக்கப் பள்ளிகளின் வாசிப்பிலும் கணக்கிலும் கூடுதல் முன்னேற்றம் தெரியவில்லை. ஆசிரியர்கள் கூடிப் பேசினாலே பிள்ளைகள் கற்றுவிடுவார்கள் என்ற நம்பிக்கை இதனோடு உடைகிறது.

மறுபக்கம், நியூசிலாந்துக் கல்வி அமைச்சுக்காக ஹெலன் டிம்பர்லியும் பிறரும் 2007இல் தொகுத்த பெரிய ஆய்வு மதிப்பீடு பலன் தரும் வகையை அடையாளம் காட்டியது. தம் மாணவர் எதைக் கற்க வேண்டும் என்பதில் தொடங்கி, அதற்குத் தமக்கு என்ன அறிவு குறைகிறது என்று கண்டு, அதைக் கற்று, வகுப்பில் செய்து, மாணவரிடம் நேர்ந்த மாற்றத்தை மறுபடி அளக்கும் சுழற்சி அது. வெளியிலிருந்து வரும் பாட அறிவும் அதில் தேவை. பின்னத்தை ஆசிரியரே அரைகுறையாகப் புரிந்திருந்தால் எத்தனை முறை திரும்பிப் பார்த்தாலும் குறை கண்ணில் படாது.

மீள்நோக்கைக் கெடுக்க எளிய வழி அதைப் பதிவேடாக்குவது. மாணவர் விவரம் ஏற்றுவது முதல் கணக்கெடுப்பு வரை ஆசிரியர் தலையில் ஏற்கெனவே எழுத்து வேலை கிடக்கிறது. ஆய்வு அலுவலர் வரும் நாளில் காட்டுவதற்காக எழுதப்படும் குறிப்பில் எவரும் தம் குறையை எழுத மாட்டார். குறையை எழுத முடியாத குறிப்பால் பிள்ளைக்குப் பயன் இல்லை. இன்னொரு ஆபத்து, எல்லாப் பொறுப்பையும் ஆசிரியர் மேல் ஏற்றுவது. ஒரே அறையில் இரண்டு வகுப்பை நடத்தும் ஆசிரியர் தம்மை எவ்வளவு சுயவிசாரணை செய்தாலும் அறை பெரிதாகாது, பணியிடமும் நிரம்பாது. கென்னத் ஸைக்னர் போன்ற ஆசிரியர் கல்வி ஆய்வாளர்கள் வலியுறுத்திவருவது இதுதான்: பள்ளியின் நிலைமைகளைக் கேள்வி கேட்பதும் மீள்நோக்கின் பகுதி.

காரைக்காலுக்கு ஏற்ற வழி

காரைக்கால் நகராட்சியும் கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்ற ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் சேர்ந்த இம்மாவட்டம் 160 சதுர கி.மீ. அளவில் அடங்குகிறது. தலைநகரான புதுச்சேரி சுமார் 130 கி.மீ. தொலைவில், தமிழ்நாட்டைக் கடந்து இருக்கிறது. பயிற்சியும் ஆணையும் அங்கிருந்து வரும்போது தாமதமும் அந்நியமும் சேர்ந்தே வருகின்றன. ஊர் சிறியது என்பதோ இந்த விஷயத்தில் வசதி. எந்தப் பள்ளியிலிருந்து எந்தப் பள்ளிக்கும் பள்ளி முடிந்தபின் வண்டியில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். ஒரே வகுப்பின் கணக்கை நடத்தும் ஐந்தாறு பள்ளி ஆசிரியர்கள் பதினைந்து நாளுக்கொரு முறை பிள்ளைகளின் நோட்டுகளோடு கூடினால், புதிய பாடநூல் எங்கே இடறுகிறது என்ற அறிவு இரண்டு ஆண்டில் திரண்டுவிடும். கடற்கரைப் பள்ளியின் ஆசிரியரும் வயல்வெளிப் பள்ளியின் ஆசிரியரும் நகரப் பள்ளியின் ஆசிரியரும் ஒரே பாடத்துக்கு வரும் வெவ்வேறு பிழைகளை ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பது பெரிய மாநிலங்களில் எளிதில் அமையாத வாய்ப்பு.

அந்தக் கூட்டத்துக்கு வேண்டியவை அதிகமில்லை: கால அட்டவணையில் ஒதுக்கிய நேரம், பிள்ளைகளின் உண்மையான நோட்டுகள், பாட அறிவில் தேர்ந்த ஒருவர், அங்கே பேசியது எவருடைய பணிக்குறிப்பிலும் ஏறாது என்ற உறுதி. கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் முதல் மூன்றும் வீண். சிபிஎஸ்இயும் கோரும் 50 மணி நேரத்தில் பாதியைப் பள்ளியளவிலோ பள்ளித் தொகுப்பளவிலோ நடத்திக்கொள்ள வாரிய விதி ஏற்கெனவே இடம் தருகிறது. அந்த மணி நேரங்களை மேடைச் சொற்பொழிவுகளில் கழிக்காமல் பிள்ளைகளின் நோட்டுகளைப் படிக்கும் ஆசிரியர் கூட்டங்களுக்கு விட்டுக்கொடுக்கக் காரைக்கால் கல்வித் துறையும் தலைமையாசிரியர்களும் இந்தக் கல்வியாண்டிலேயே முன்வர வேண்டும்.